எறையூரிலிருந்து செஷன்ஸ் கோர்ட்டுக்கு

1993 மார்ச் மாதம். மீன்சுருட்டி காவல் நிலைய எல்லையில் அடையாளம் தெரியாத ஆண் பிணம் ஒன்று கிடந்தது. அன்றைக்கு அது திருச்சி மாவட்டம், இன்றைக்கு அரியலூர் மாவட்டம். வெள்ளாற்றுக்கு அப்பால், அன்றைய தென்னார்க்காட்டில் உள்ள கம்மாபுரம் காவல் நிலையமோ வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. திருட்டுச் சந்தேகத்தில் பிடித்து வந்த முதனை கிராமத்து ராஜாக்கண்ணு தப்பி ஓடிவிட்டார் என்றது. ஒரு நிலையத்தின் காகிதத்தில் பெயர் இல்லாத பிணம். இன்னொரு நிலையத்தின் காகிதத்தில் ஆள் இல்லாத பெயர்.

இரண்டும் ஒரே மனிதர்தான் என்று நிரூபிக்க ராஜாக்கண்ணுவின் மனைவி பார்வதி நீதிமன்றப் படியேறினார். வக்கீல் சந்துரு அவருக்காக சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். பிணத்தின் புகைப்படமும் அதைச் சுற்றி எழுதப்பட்ட காகிதங்களும் ராஜாக்கண்ணுவோடு பொருந்தியபோது, ‘தப்பி ஓடிய’ கதை உடைந்தது. 2006-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை வழக்கு நடந்தது. காவலர்கள் தண்டனை பெற்றார்கள். சந்துரு அதே ஆண்டு உயர் நீதிமன்ற நீதிபதியானார். 2021-ல் ‘ஜெய் பீம்’ படம் வந்த பிறகு இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு.

படம் பார்த்துவிட்டு ‘நானும் கிரிமினல் வக்கீல் ஆகப்போகிறேன்’ என்று சொன்ன பிள்ளைகள் பெரம்பலூர், அரியலூர் பக்கம் நிறையப் பேர். அவர்கள் மனதில் நிற்பது கோர்ட்டில் முழங்கும் வசனம். ஆனால் அந்த வழக்கை நகர்த்தியது காகிதம். எந்த நிலையத்தில், எந்தத் தேதியில், யார் என்ன எழுதினார் என்று உட்கார்ந்து பார்த்த பொறுமை. கிரிமினல் சட்டத்துக்குத் தயாராவது என்றால் முதலில் அந்தப் பொறுமைக்குத் தயாராவதுதான். அதில் பெரம்பலூர் மாவட்டத்து எறையூர் மாதிரி ஊரில் பிறந்த பிள்ளைக்கு, பட்டணத்தில் பிறந்தவருக்கு வாய்க்காத ஒரு பலம் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

எறையூர் என்றதும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சர்க்கரை ஆலை. பெரம்பலூர் சர்க்கரை ஆலை என்று பெயர் இருந்தாலும் ஆலை நிற்பது எறையூரில். அரவைப் பருவம் வந்துவிட்டால் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டும். 2022 இறுதியில் சிப்காட் தொழிற்பூங்காவும் வந்துவிட்டது. சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி பூமி.

இங்கே என்ன வழக்கு வரும்? வரப்புத் தகராறு, போர்வெல் தண்ணீர்ச் சண்டை, ரிஃப்ளெக்டர் இல்லாத டிரெய்லரில் இருட்டில் மோதிய பைக், குடும்பத்துக்குள் வெட்டுக்குத்து, சாதியின் பேரால் நடக்கும் வன்கொடுமை, சிறுமிகளுக்கு எதிரான போக்சோ குற்றங்கள். சென்னை-திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலை லாரிகள். சாலையில் உயிர் போகாத மாதம் இல்லை. புகார் கொடுப்பவரும் சரி, குற்றம் சாட்டப்படுபவரும் சரி, பெரும்பாலும் கூலிக்காரர்கள், சிறு விவசாயிகள். எஃப்.ஐ.ஆரில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல அவர்களுக்கு ஆள் வேண்டும்.

ஆனாலும் வீட்டில் ‘வக்கீலுக்குப் படிக்கிறேன்’ என்று சொன்னால், ‘சிவில் பக்கம் போ தம்பி, கிரிமினல் வேணாம்’ என்பதுதான் முதல் பதில். பெண் பிள்ளை என்றால் இன்னும் அழுத்தமாகச் சொல்வார்கள். ரவுடிகளோடு பழக வேண்டும், ராத்திரியில் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் கொஞ்சம் உண்டு. ஆனால் நல்லவர்கள் எல்லோரும் ஒதுங்கிப் போனால், கட்டப் பஞ்சாயத்துக்காரர்களும் ஸ்டேஷன் வாசலில் கமிஷன் பேசுபவர்களும் அந்த இடத்தை நிரப்புவார்கள். நிரப்பிக்கொண்டும் இருக்கிறார்கள்.

படிப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளஸ் டூ முடித்தவருக்கு ஐந்தாண்டுப் படிப்பு, பட்டம் பெற்றவருக்கு மூன்றாண்டுப் படிப்பு. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள அரசுச் சட்டக் கல்லூரிகளில் மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. எறையூர்க்காரருக்குப் பக்கம் திருச்சி அரசுச் சட்டக் கல்லூரி. அதே திருச்சியில் தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அதற்கு கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், செலவும் கூடுதல். அங்கே இடம் கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. செஷன்ஸ் கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நிற்கும்போது எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை.

பட்டம் வாங்கியதும் பார் கவுன்சிலில் பதிவு. முன்பு இதற்கே ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டியிருந்தது. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் சட்டத்தில் சொன்ன தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். கூலி வேலை செய்யும் வீட்டிலிருந்து வரும் முதல் பட்டதாரிக்கு இது சின்னச் செய்தி இல்லை. பிறகு அகில இந்திய பார் தேர்வு. அதில் தேறினால்தான் தொடர்ந்து தொழில் செய்ய முடியும்.

இனி, கல்லூரி சொல்லிக்கொடுக்காத பகுதிக்கு வருவோம்.

இரண்டு சட்டமும் வேண்டும்

2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற பி.என்.எஸ். வந்தது. 511 பிரிவுகள் 358 ஆயின. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் 531 பிரிவுகளோடு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.), 1872-ன் சாட்சியச் சட்டத்துக்குப் பதில் 170 பிரிவுகளோடு பாரதிய சாக்ஷ்ய அதினியம் (பி.எஸ்.ஏ.). ‘302’ என்றால் ஊர்க் கிழவிக்கும் கொலை வழக்கு என்று தெரியும். இன்று அது 103. ‘420’ இன்று 318-க்குள் இருக்கிறது.

‘பழசை விட்டுவிடலாமா?’ என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கூடாது. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். அந்த வழக்குகள் விசாரணை முடிந்து, மேல்முறையீடு முடிய இன்னும் பல ஆண்டுகள் ஆகும். நூறாண்டுக்கு மேலான தீர்ப்புகள் எல்லாம் பழைய எண்களில்தான் இருக்கின்றன. இன்று படிப்பவர் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தலைமுறை. எண்ணை மனப்பாடம் செய்வதில் காட்டும் வேகத்தை, பிரிவுக்குள் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் எதை நிரூபிக்கச் சொல்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில் காட்டினால் போதும். எண்ணைக் கைப்பேசி சொல்லிவிடும்.

புதிய சட்டத்தில் உண்மையிலேயே புதிதாகக் கற்க வேண்டியவை சில உண்டு. சோதனை போடுவதையும் பொருள் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 105. ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும். சிசிடிவி பதிவையோ செல்போன் பதிவையோ சாட்சியமாக்க பி.எஸ்.ஏ. 63-ன் கீழ் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பு இருக்க வேண்டும். கணினி தெரிந்த இளைஞர் மூத்த வக்கீலுக்கே சொல்லிக்கொடுக்கக்கூடிய இடம் இது.

கட்டைப் பிரித்தால்…

கிரிமினல் வக்கீலின் மூலதனம் கேஸ் கட்டு. எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர், மாதிரி வரைபடம், கைப்பற்றுதல் மகஜர், பிரேத விசாரணை அறிக்கை, பிணக்கூறாய்வுச் சான்று, சாட்சிகளின் வாக்குமூலம், குற்றப்பத்திரிகை என்று ஒரு கொலை வழக்கின் கட்டு சிலசமயம் ஒரு சாண் உயரம் இருக்கும். புது ஜூனியர் முதலில் சாட்சிகளின் வாக்குமூலத்தைப் படிப்பார், கதை அதில்தான் இருக்கிறது என்று. தேர்ந்த சீனியர் எஃப்.ஐ.ஆரின் ஓரங்களைப் பார்ப்பார்.

சம்பவம் எத்தனை மணி? நிலையத்துக்குத் தகவல் வந்தது எத்தனை மணி? நிலையம் எவ்வளவு தூரம்? நடுவர் நீதிமன்றத்துக்கு அந்த எஃப்.ஐ.ஆர். போய்ச் சேர்ந்ததாக நடுவர் கையெழுத்துப் போட்ட தேதி, நேரம் என்ன? சம்பவம் காலையில், நடுவர் கையெழுத்து மறுநாள் ராத்திரி என்றால், இடைப்பட்ட நேரத்தில் என்ன நடந்தது என்ற கேள்வி எழும். ‘துலியா காளி’ வழக்கு இதற்குப் பாடப்புத்தகம். சேலம் செஷன்ஸ் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது, சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 1972-ல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. இரண்டு மைலில் காவல் நிலையம் இருந்தும் எஃப்.ஐ.ஆர். இருபது மணி நேரத்துக்கு மேல் தாமதமானது முக்கியக் காரணங்களில் ஒன்று. தாமதமான தகவலில் ஜோடனை சேர வாய்ப்புண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்னதை இன்றும் நாடு முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். ஒரு மனிதனின் கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே நின்றது ஒரு நேரக் குறிப்பு.

அடுத்தது பார்வை மகஜர். சம்பவ இடத்தை இன்ஸ்பெக்டர் பார்த்து எழுதுவது. ‘கிழக்கே இன்னார் வீடு, மேற்கே வண்டிப்பாதை, தெற்கே இன்னாருடைய கரும்புத் தோட்டம்’ என்று நான்கு எல்லையும் இருக்கும். பலரும் புரட்டிவிட்டுப் போகும் பக்கம் இது. எறையூர்க்காரர் நிற்க வேண்டிய பக்கமும் இதுதான்.

உதாரணத்துக்கு ஒரு வழக்கை வைத்துக்கொள்வோம். புரட்டாசி மாதம் சாயங்காலம் சம்பவம். சாட்சி, தெற்கே நூறடி தள்ளி நின்று முழுதும் பார்த்தேன் என்கிறார். மகஜரில் தெற்கே கரும்புத் தோட்டம். சென்னையில் வளர்ந்த வக்கீலுக்குக் கரும்பு என்றால் ஜூஸ் கடையில் பார்ப்பது. எறையூர்ப் பிள்ளைக்கு உடனே உறைக்கும்: புரட்டாசியில் கரும்பு தலைக்கு மேல் நிற்குமே, அதற்கு அந்தப் பக்கம் நின்றவர் இந்தப் பக்கம் நடந்ததை எப்படிப் பார்த்தார்? அல்லது வெட்டி முடித்து மறுதாம்பு விட்ட கரும்பா? அதற்கும் பதில் காகிதத்திலேயே இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் என்ன பயிர் என்று இருக்கும். ஆலைக்குப் பதிவு செய்த கரும்பு என்றால் வெட்டு உத்தரவு எந்தத் தேதியில் வந்தது என்று ஆலையில் பதிவு இருக்கும். வி.ஏ.ஓ. சாட்சிக் கூண்டில் ஏறும்போது அடங்கலைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். இதே காகிதம் சாட்சி சொல்வது நிஜம் என்றும் காட்டலாம். அப்போது அரசுத் தரப்பு வக்கீலுக்கு அது ஆயுதம்.

இதைத்தான் பலம் என்றேன். அமாவாசையா பௌர்ணமியா, தெருவிளக்கு எரியுமா, காட்டுக் கொட்டகையிலிருந்து கத்தினால் ரோடு வரை கேட்குமா, எந்தச் சாதித் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு யார் சகஜமாகப் போய்வர முடியும் என்பதெல்லாம் நூலகத்தில் கிடைக்காது. குறுக்கு விசாரணையின் முக்கால்வாசி இந்த அறிவில்தான் இருக்கிறது. ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்ததாகச் சொல்லப்படும் வி.ஏ.ஓ. அலுவலகத்தைத் தெரிந்தவர், அன்று அது பூட்டியிருந்ததா என்று கேட்கத் துணிவார்.

கிராமத்துப் பிள்ளைகள் தாழ்வாக நினைப்பது ஆங்கிலத்தை வைத்து. கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. எஃப்.ஐ.ஆர்., மகஜர், வாக்குமூலம் எல்லாம் தமிழ். விசாரணை நீதிமன்றத்தில் தமிழ்தான் உயிர்நாடி. ஆனால் அதோடு நின்றுவிட முடியாது. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே ஆங்கிலம். திருச்சிக்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போவார்கள், பெரம்பலூர், அரியலூர் வழக்குகள் சென்னைக்குப் போகின்றன. சிவில் நீதிபதித் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். நான் சொல்லக்கூடிய பயிற்சி இதுதான்: தினம் ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் இரண்டு பக்கத்தைத் தமிழில் எழுதிப் பாருங்கள், ஒரு சாட்சியின் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ஓராண்டில் ஆங்கில பயம் போய்விடும். கூடவே, மோடியின் மருத்துவச் சட்ட நூலில் காயங்களைப் பற்றிய அத்தியாயங்களையும் படியுங்கள். வெட்டுக் காயத்துக்கும் கிழிந்த காயத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

சீனியர் ஆபீஸ், சோத்துக்கு வழி

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் தொழிலைப் புகழ்வது நேர்மையில்லை. ஜூனியருக்கு முதல் சில ஆண்டுகள் கஷ்டம்தான். பஸ் காசுகூடக் கொடுக்காத சீனியர்கள் இருக்கிறார்கள். கறுப்புக் கோட்டுக்குள் பசியோடு நின்று, ‘வாய்தா’ வாங்குவதற்கு மட்டுமே பயன்பட்டு, வெறுத்துப் போய் வேறு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். போனவர்களில் அதிகம் பேர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் என்பதுதான் வலி. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கையில் எடுத்தது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்றது. பெரம்பலூரில் எத்தனை ஆபீஸில் இந்தத் தொகை கைக்கு வருகிறது என்று வழக்கறிஞர் சங்கங்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். மாவட்ட அளவில் நடக்கும் சின்ன அலுவலகத்துக்கு அந்தத் தொகை பாரம் என்பதும் உண்மை. அதனால் அரசு இதில் பங்கு எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. 2020-ல் தமிழக அரசு, வறிய குடும்பத்து இளம் வக்கீல்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 3,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியது. திசை சரி, தொகை போதாது.

சீனியரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். பெயில் மனு மட்டுமே போடும் அலுவலகம் ஒன்று, விசாரணை நடத்தும் அலுவலகம் ஒன்று என்று இருந்தால், காசு குறைந்தாலும் இரண்டாவதற்குப் போக வேண்டும். பெயில் அவசரத் தேவை, அதில் பணமும் சீக்கிரம் வரும். ஆனால் ஐந்தாண்டு பெயில் மட்டுமே பார்த்தவர், சாட்சியை விசாரிக்க எழும்போது கை நடுங்கி நிற்பார். சார்ஜ் ஷீட் போட்டதும் கட்சிக்காரரை வேறு வக்கீலிடம் அனுப்பிவிடுவார்.

இன்னொரு வழி, அரசுச் சட்ட உதவி. காசில்லாதவருக்கு இலவச சட்ட உதவி என்பது அரசியல் சட்டத்தின் 39-ஏ பிரிவு. 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2022-ல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக மட்டுமே முழுநேரம் வாதாடும் பாதுகாப்பு வக்கீல் முறையைக் கொண்டுவந்தது. மாதச் சம்பளம், தனியே கட்சிக்காரர் பிடிக்கும் கவலை இல்லை. இளம் வக்கீல்கள் உதவி வக்கீலாகச் சேரலாம். ஆயுள் தண்டனை, மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் சட்ட உதவி வக்கீலுக்குப் பத்தாண்டு அனுபவமாவது இருக்க வேண்டும், தயாராக ஏழு நாளாவது கொடுக்க வேண்டும் என்று 2019-ல் ‘அனோகிலால்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இலவசம் என்பதற்காக அரைகுறையாக இருக்கக் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. திருச்சி மத்திய சிறையில் கிடக்கும் ஒரு விசாரணைக் கைதிக்கு பி.என்.எஸ்.எஸ். 479-ன்படி வெளியே வரும் தகுதி வந்துவிட்டதா என்று கணக்குப் பார்ப்பதுகூட ஒரு குடும்பத்துக்கு வாழ்வு. முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர், அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் வெளியே விட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரக்கூடிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவர்களுக்கும் அது பொருந்தாது. இதெல்லாம் கைதிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அரசுத் தரப்பில் நிற்க விரும்புபவருக்கு உதவி அரசு வழக்கறிஞர் தேர்வு, நீதிபதியாக விரும்புபவருக்கு சிவில் நீதிபதித் தேர்வு. இரண்டும் டி.என்.பி.எஸ்.சி. வழி. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வக்கீல் தொழில் கட்டாயம் என்று மறுபடி கொண்டுவந்தது. கோச்சிங் சென்டரே கதி என்று இருந்தவர்களுக்கு இது ஏமாற்றம். எனக்கு இதில் வருத்தம் இல்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்பவரின் குடும்பம் வெளியே என்ன பாடுபடுகிறது என்று மூன்று வருஷம் பார்த்தவர் தீர்ப்பு எழுதட்டும். அந்த மூன்று வருஷம் பட்டினி கிடக்காமல் இருக்க வழி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

‘அவனுக்கா ஆஜரானே?’

ஊரில் நடந்த கொலை வழக்கில் எதிரித் தரப்புக்கு ஆஜரானால், டீக்கடையில் இந்தக் கேள்வி வரும். சொந்தக்காரர்களே முகம் திருப்புவார்கள். இதற்கு மனதைத் தயார்செய்யாமல் கிரிமினல் பக்கம் வரக் கூடாது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. நாடே கொதித்துக்கொண்டிருந்த வழக்கு. மூத்த வழக்கறிஞர் என்.நடராஜன் அவர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். 1999 மே மாதம் வந்த தீர்ப்பில் தூக்கு உறுதியானது நான்கு பேருக்கு, ஆயுள் தண்டனை மூன்று பேருக்கு. மற்ற 19 பேரும் கொலை, சதிக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுபட்டார்கள். வக்கீல்கள் அந்த வழக்கைத் தொட மறுத்திருந்தால் அந்த 19 பேரின் கதி என்ன? ஊரில் கேட்பவர்களுக்கு நான் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

எதிரிக்கு வாதாடலாம், ஆனால் சாட்சியைக் கலைக்கக் கூடாது. பாதிக்கப்பட்ட பெண்ணிடம் அவமானப்படுத்தும் கேள்வி கேட்கக் கூடாது. வன்கொடுமை வழக்கில் சமரசம் பேசி, புகார் கொடுத்தவரைப் பிறழ் சாட்சியாக மாற்றும் வேலைக்குத் துணை போகக் கூடாது. இந்த மூன்றையும் செய்து பெரிய வக்கீல் என்று பெயர் எடுத்தவர்களைப் பார்த்துத்தான் ஊர் இந்தத் தொழிலைச் சந்தேகப்படுகிறது. பெண்கள் இந்தப் பக்கம் அதிகம் வர வேண்டும் என்று நான் சொல்வதற்கும் இது ஒரு காரணம். மகளிர் நீதிமன்றத்தில் வாக்குமூலம் சொல்ல வரும் சிறுமியிடம், முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கும் வக்கீல் தேவைப்படுகிறார்.

சட்டம் படிக்கச் சேர்ந்துவிட்ட, அல்லது சேரலாமா என்று யோசிக்கும் எறையூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. குற்ற விசாரணை நடக்கும் நீதிமன்றம் திறந்த நீதிமன்றம், இடமிருந்தால் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்று சட்டமே சொல்கிறது. பாலியல் குற்றம், போக்சோ போன்றவை மட்டும் விலக்கு. உங்களுக்கு லீவு, கோர்ட்டுக்கு வேலை நாள் என்று அமையும் நாட்களில் பஸ் ஏறி பெரம்பலூர் நீதிமன்ற வளாகத்துக்குப் போங்கள். காலை பத்தரைக்கு முன்னால் போனால் பின்வரிசையில் இடம் கிடைக்கும். வெளியே ஒட்டியிருக்கும் வழக்குப் பட்டியலில் சாட்சி விசாரணைக்கு எது இருக்கிறது என்று பாருங்கள், தெரியாவிட்டால் ஒரு குமாஸ்தாவைக் கேளுங்கள். செல்போனை அணைத்துவிட்டு ஒரு நோட்டில் இரண்டு பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வக்கீல் கேட்ட கேள்வி, இன்னொன்றில் சாட்சி சொன்ன பதில். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நீங்களாக இருந்தால் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருப்பீர்கள் என்று அடிக்கோடு போடுங்கள். கேட்க வேண்டியதைவிட, கேட்கக் கூடாததைத் தெரிந்துகொள்ள அதிக நாள் பிடிக்கும்.